இயந்திரம் புதிதாக இருக்கும்போதே

எங்கள் பள்ளியில் எந்த வகுப்பில் கேட்டாலும் நான்கைந்து பிள்ளைகளின் அப்பாக்களாவது அரியலூர்ப் பக்கத்துச் சிமெண்ட் ஆலைகளில் வேலை பார்ப்பவர்களாக இருப்பார்கள். கங்கைகொண்ட சோழபுரத்திலிருந்து விடியுமுன் கிளம்பி, முதல் ஷிப்டு முடித்து, பள்ளி விடும் நேரத்துக்குத் திரும்புவார்கள். "அப்பா என்ன வேலை செய்றாங்க?" என்று கேட்டால் "ஃபேக்டரியில, சார்" என்று பதில் வரும். அதற்கு மேல் பிள்ளைக்கும் தெரியாது, நீண்ட காலம் எனக்கும் தெரியாது. அந்த அப்பாக்களில் ஒருவர் செய்யும் வேலை என்ன என்பதை ஒரு குடிநீர் இயந்திரத்தின் வழியாகத்தான் தெரிந்துகொண்டேன்.

முன்பு நான் பணியாற்றிய பள்ளி சுண்ணாம்புக்கல் நிறைந்த பகுதியில் இருந்தது. பல கோடி ஆண்டுகளுக்கு முன் அரியலூர் வட்டாரத்தில் கடல் இருந்தது. அதன் அடியில் படிந்த சுண்ணாம்புக்கல்தான் இன்று சிமெண்ட் ஆகிறது. அதே சுண்ணாம்புதான் ஆழ்குழாய்த் தண்ணீரையும் கடினநீர் ஆக்குகிறது. பாத்திரத்தில் கொதிக்கவைத்தால் அடியில் வெள்ளையாகப் படியும். அந்தப் பள்ளிக்கு நன்கொடையாக ஓர் ஆர்.ஓ. குடிநீர் இயந்திரம் வந்தது. நாடா வெட்டினோம், படம் எடுத்தோம். பொறுப்பாசிரியர் நான். கையேடு தொலைந்துவிடக் கூடாதே என்ற அக்கறையில், பிளாஸ்டிக் உறையைக்கூடப் பிரிக்காமல் பீரோவில் வைத்துப் பூட்டினேன்.

பதினான்காம் மாதம் குழாயில் தண்ணீர் நூல் போல வந்தது. பிறகு அதுவும் நின்றது. பழுது பார்க்க வந்தவர் மணல் வடிகட்டியைத் திறந்து காட்டினார். எதிர்த்திசையில் தண்ணீர் விட்டு ஒரு நாள்கூட அதைக் கழுவியதில்லை. சிறிய வடிகட்டி சேறாக இருந்தது. உள்ளிருக்கும் சவ்வில் சுண்ணாம்பு இறுகிக் கல்லாகிவிட்டது. சவ்வு மாற்றும் பணம் எங்களிடம் இல்லை. பிள்ளைகள் மறுபடி வீட்டிலிருந்து பாட்டில் கொண்டுவந்தார்கள். பாட்டில் இல்லாத ஏழாம் வகுப்பு மாணவி ஒருத்தி மதிய உணவுக்குப் பின் மாலை வரை தண்ணீரே குடிக்காமல் இருந்ததை ஒரு நாள் கவனித்தேன். யாரிடமும் கேட்கக் கூச்சம். எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

மாறுதலில் இங்கே வந்த சில ஆண்டுகளில் இந்தப் பள்ளிக்கும் ஒரு புதிய ஆர்.ஓ. வர இருந்தது. பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் பழைய கதையை மறைக்காமல் சொன்னேன். உறுப்பினர்களில் ஒரு தந்தை ஆலையின் பராமரிப்புப் பிரிவில் பிட்டராக இருப்பவர். அவர் கேட்டது ஒரே கேள்விதான்.

"வந்த அன்னிக்கு நிமிஷத்துக்கு எத்தன லிட்டர் ஊத்துச்சுன்னு எழுதி வச்சீங்களா, சார்?"

"இல்லைங்க."

"அப்பறம் கொறஞ்சுக்கிட்டே வந்தது எப்படித் தெரியும்?"

அதன்பின் சில ஞாயிற்றுக்கிழமைகள் அவர் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து, ஆலைக்கு ஒரு புதிய இயந்திரம் வந்தால் என்னென்ன செய்வார்கள் என்று கேட்டுக்கொண்டேன். பிறகு நூல்களிலும் தேடிப் படித்தேன். நம் பிள்ளைகளில் பலர் ஐ.டி.ஐ., பாலிடெக்னிக் முடித்து இந்த வேலைக்குத்தான் போகப்போகிறார்கள். மேல்நிலைத் தொழிற்கல்வியில் அடிப்படை இயந்திரவியல் எடுப்பவர்களும் இருக்கிறார்கள். அதனால் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

மூட்டை நிரப்பும் இயந்திரத்தை எடுத்துக்கொள்வோம்

அரியலூர் அரசு சிமெண்ட் ஆலை 1979-இல் உற்பத்தி தொடங்கியது. அப்போது அதன் திறன் ஆண்டுக்கு 5 லட்சம் டன். பின்னர் அங்கேயே 10 லட்சம் டன் திறனில் புதிய ஆலையும் எழுந்தது. தனியார் ஆலைகளும் மாவட்டத்தில் பல உண்டு. எந்த ஆலையானாலும் கடைசியில் சிமெண்ட் மூட்டையாகத்தான் வெளியே வரவேண்டும். அதைச் செய்வது பேக்கர் என்று அழைக்கப்படும் சுழலும் இயந்திரம். ராட்டினம் போலச் சுற்றிக்கொண்டே இருக்கும். அதன் மூக்குகளில் ஆட்களோ தானியங்கிக் கருவியோ காலிப் பையை மாட்ட, ஒரு சுற்று முடிவதற்குள் 50 கிலோ நிரம்பிப் பை தானே விழும். மணிக்கு 2000 மூட்டை என்பது இதற்குச் சாதாரணம்.

இப்படி ஒன்று புதிதாக வரும்போது, ஓட்டிப் பார்த்துவிட்டுக் கெட்டால் சரிசெய்வோம் என்று யாரும் காத்திருப்பதில்லை. விலை பேசும்போதே கையேடு, வரைபடம், எந்த இடத்தில் எந்த எண்ணெய் என்ற அட்டவணை, உதிரிபாகப் பட்டியல் எல்லாம் கேட்டு வாங்கப்படும். இயந்திரத்துக்கு ஓர் எண் கொடுத்துப் பதிவேட்டில் ஏற்றுவார்கள். நம் பள்ளியில் சேரும் பிள்ளைக்குச் சேர்க்கை எண் கொடுப்பதைப் போலத்தான். மாற்றுச் சான்றிதழ் வரை அந்த எண் கூடவே வரும்.

அடுத்து, இது நின்றால் எது நிற்கும் என்ற கேள்வி. ஒரு மூட்டை இயந்திரம் நின்றால் பக்கத்து இயந்திரத்தில் நிரப்பலாம். கில்ன் எனப்படும் சுழல் சூளை நின்றால் கதை வேறு. அதற்குள் சுண்ணாம்புக் கலவை ஏறத்தாழ 1450 டிகிரி செல்சியசில் வேகிறது. திடீரென நின்று குளிர்ந்தால் உள்ளே பதித்த வெப்பந்தாங்கும் செங்கல் விரிசல் விட்டு உதிரும். மறுபடி மெல்ல மெல்லச் சூடேற்றி உற்பத்திக்குக் கொண்டுவர ஒரு நாளுக்கு மேல் ஆகிவிடும். எல்லா இயந்திரத்துக்கும் ஒரே அளவு கவனம் கொடுத்தால் எதற்கும் போதுமான கவனம் கிடைக்காது என்பதால் முதலில் இப்படித் தரம் பிரித்துவிடுகிறார்கள்.

அதன்பின் வருவதுதான் திட்டத்தின் உயிர். ஒவ்வொரு பாகமும் எப்படிக் கெடும், கெடுவதற்கு முன் என்ன அறிகுறி காட்டும், அறிகுறிக்கும் பழுதுக்கும் இடையில் எவ்வளவு நாள் கிடைக்கும் என்று உட்கார்ந்து எழுதுகிறார்கள். பேரிங் ஒன்று கெடுவதைப் பாருங்கள். முதலில் அதிர்வு கூடும், அதைக் கருவிதான் உணரும். சில வாரம் கழித்துக் காதுக்குச் சத்தம் கேட்கும். அதற்கும் பிறகு கை வைக்க முடியாத சூடு. கடைசியில் இறுகிப் பிடித்துக்கொள்ளும். அதிர்வு தெரிந்து 6 வாரத்தில் பேரிங் போய்விடும் என்றால் 2 மாதத்துக்கு ஒருமுறை அளப்பதால் பயனில்லை. இரண்டு அளவீட்டுக்கு நடுவிலேயே கதை முடிந்துவிடும். 3 வாரத்துக்கு ஒருமுறையாவது அளக்க வேண்டும். மாதாமாதம், வாராவாரம் என்று வசதிக்காகப் போடும் கெடு சரியான கெடு அல்ல என்று அன்றுதான் உறைத்தது. நாமும் மெல்லக் கற்கும் பிள்ளைகளைக் காலாண்டுத் தேர்வு முடிந்துதானே கண்டுபிடிக்கிறோம்?

பேக்கரில் தூசிதான் முதல் எதிரி. சிமெண்ட் துகள் பேரிங்குக்குள் போனால் உப்புத்தாள் போல அரைக்கும். காற்றழுத்தக் குழாயில் ஈரம் வந்தால் சிமெண்ட் கட்டியாகி வால்வு அடைக்கும். அதனால் கம்ப்ரசர் தொட்டியில் சேரும் நீரைத் தவறாமல் வெளியேற்ற வேண்டும். நிரப்பும் மூக்கு தேயும். எடைபார்க்கும் லோடு செல் மெல்ல விலகும். இந்தக் கடைசி விஷயத்தை எட்டாம் வகுப்பில் கணக்காகவே போட்டேன். ஒரு மூட்டைக்கு 100 கிராம் கூடுதலாக விழுகிறது, மணிக்கு 2000 மூட்டை, 8 மணி நேர ஷிப்டில் எவ்வளவு நட்டம்? 1600 கிலோ, அதாவது 32 மூட்டை. "கம்மியா விழுந்தா, சார்?" என்று ஒரு பையன் கேட்டான். வாங்குகிறவருக்கு நட்டம், ஆலைக்கு எடையளவுச் சட்டப்படி வழக்கு. இயந்திரம் நிற்கவே இல்லை, ஆனாலும் கெட்டிருக்கிறது. பழுது என்றால் ஓடாமல் நிற்பது மட்டுமல்ல என்பதை அவர்களே சொல்லிவிட்டார்கள்.

புதியதுதான் ஆபத்தானது

புதிதாக இருக்கும்போது எதற்குப் பராமரிப்பு என்று கேட்கத் தோன்றும். எனக்கும் தோன்றியது. உண்மை நேர்மாறாக இருக்கிறது. அமெரிக்க விமான நிறுவனமான யுனைட்டெட் ஏர்லைன்ஸின் பொறியாளர்கள் நவ்லனும் ஹீப்பும் 1978-இல் ஓர் அறிக்கை தந்தார்கள். அவர்கள் ஆராய்ந்த விமானப் பாகங்களில் 11 சதவீதம் மட்டுமே வயதாக ஆகக் கெடும் தன்மை காட்டின. 68 சதவீதத்தில் பழுதுக்கான வாய்ப்பு தொடக்கத்தில்தான் அதிகம். அதைத் தாண்டிவிட்டால் குறைந்து நிலைத்துவிடுகிறது. பொருத்தியதில் பிழை, சரியாக முறுக்காத போல்ட், தப்பான எண்ணெய், ஓட்டுபவருக்குப் பழக்கமின்மை போன்ற எல்லாம் முதல் வாரங்களில்தான் தலைகாட்டும். சிமெண்ட் ஆலைக்கு விமானத்தின் சதவீதம் அப்படியே பொருந்தாது. ஆனால் காரணங்கள் பொருந்தும்.

ஆகவே புதிய இயந்திரத்துக்குத் தொடக்கத்தில்தான் கெடு நெருக்கமாக இருக்கும். போல்ட்டுகளை மறுபடி முறுக்கிப் பார்ப்பார்கள். கியர் பாக்ஸின் முதல் எண்ணெயைச் சீக்கிரமே மாற்றுவார்கள். புதுப் பல்லும் பல்லும் உராய்ந்து பழகும்போது உதிரும் உலோகத் தூள் அதில்தான் சேர்ந்திருக்கும். எட்டாம் வகுப்பு உராய்வுப் பாடத்தில் உயவுப் பொருள் என்று ஒரு வரியில் கடந்துபோகிறோமே, அங்கே இதைச் சொல்லலாம். இன்னொன்றும் சொல்லலாம். கிரீஸ் குறைந்தாலும் கெடுதி, கூடினாலும் கெடுதி. பேரிங்குக்குள் அளவுக்கு மேல் திணித்தால் அதைக் கலக்கிக் கலக்கியே பேரிங் சூடாகும். நல்லது செய்கிறோம் என்று நினைத்து இரண்டு அமுக்குக் கூடுதலாக அடிப்பவர்களால் போன பேரிங் நிறைய என்றார் அந்தத் தந்தை.

அவர் என்னிடம் கேட்ட கேள்விக்கு இங்கேதான் பதில். நன்றாக ஓடத் தொடங்கிய முதல் நாட்களில் அதிர்வு, வெப்பம், மோட்டார் இழுக்கும் மின்னோட்டம், காற்றழுத்தம் எல்லாவற்றையும் அளந்து எழுதிவிடுகிறார்கள். அது இயந்திரத்தின் ஆரோக்கிய அட்டை. பிறகு எப்போது அளந்தாலும் அந்த எண்ணோடுதான் ஒப்பிட வேண்டும். மோட்டார் 38 ஆம்பியர் இழுக்கிறது என்றால் அது நல்லதா கெட்டதா? முதல் நாள் 31 இழுத்தது என்று தெரிந்தவனுக்குத்தான் புரியும். அந்த நாளைத் தவறவிட்டால் திரும்ப வராது.

ஓடாமல் சும்மா நிற்கும் இயந்திரங்கள் தனி ரகம். மின்சாரம் போனால் சூளை நின்றுவிடும். சூடான சூளை ஒரே நிலையில் நின்றால் தன் எடையாலேயே வளையும். அதனால் டீசல் எஞ்சின் ஒன்றை வைத்து மெதுவாகவாவது சுற்றிக்கொண்டே இருப்பார்கள். அந்த எஞ்சின் ஆண்டில் சில முறைதான் தேவைப்படும். அது கெட்டிருந்தாலும் வெளியே தெரியாது. தேவைப்படும் நேரத்தில்தான் தெரியும். எனவே தேவையில்லாத நேரத்தில் ஓட்டிப் பார்ப்பதுதான் அதற்குப் பராமரிப்பு. இதைக் கேட்ட மறுநாள் காலை நான் முதலில் போய்ப் பார்த்தது நம் பள்ளியின் தீயணைப்பானைத்தான். முள் பச்சையில் இருந்தது. ஆனால் பார்த்தது அதுவே முதல் முறை.

பட்டியல் எழுதும் கலை

ஆலையில் சரிபார்ப்புப் பட்டியல் எழுதுவதில் ஒரு கண்டிப்பு உண்டு. "பெல்ட்டைச் சரிபார்க்கவும்" என்று எழுதினால் ஏற்கமாட்டார்கள். நடுவில் விரலால் அழுத்தினால் எத்தனை மில்லிமீட்டர் உள்ளே போகலாம், அதற்கு மேல் போனால் என்ன செய்ய வேண்டும், யாரிடம் சொல்ல வேண்டும், இயந்திரம் ஓடும்போது பார்ப்பதா நிறுத்திப் பார்ப்பதா என்று எல்லாம் வரவேண்டும். நிறுத்திப் பார்ப்பது என்றால் மின்சாரத்தைத் துண்டித்து, சுவிட்சில் பூட்டுப் போட்டு, சாவியை வேலை செய்பவர் தன் பையில் வைத்துக்கொள்ள வேண்டும். வேறொருவர் தெரியாமல் சுவிட்சைப் போட்டுக் கை போனவர்கள் உண்டு என்பதால் இதில் விட்டுக்கொடுப்பே இல்லை.

டிக் மட்டும் போடும் பட்டியல் என்ன ஆகும் என்று நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. பார்வை வருகிறது என்றால் முதல் நாள் இரவே மூன்று மாதத்துக்கு ஒரே பேனாவில் டிக் விழுந்துவிடும். எண் எழுதச் சொன்னால் அது கடினம். பொய்யாக எழுதினாலும் எண்கள் காட்டிக்கொடுக்கும்.

யார் பார்ப்பது என்ற கேள்வியில் ஜப்பானியர் ஒரு மாற்றம் கொண்டுவந்தார்கள். அதுவரை ஓட்டுபவர் ஓட்டுவார், பழுது பார்ப்பவர் பார்ப்பார். டொயோட்டா குழுமத்தைச் சேர்ந்த நிப்பான்டென்சோ நிறுவனம் 1960-களின் இறுதியில் ஓட்டுபவரையே துடைக்க, எண்ணெய் விட, போல்ட் பார்க்கப் பழக்கியது. 1971-இல் அதற்காக ஜப்பானில் பரிசும் பெற்றது. செய்இச்சி நகஜிமா அதை நூல்களாக எழுதிப் பரப்பினார். துடைப்பது அழகுக்காக அல்ல. துடைக்கும் கைக்குத்தான் விரிசலும் கசிவும் முதலில் தட்டுப்படும்.

நமக்கு இது முற்றிலும் புதிதல்ல. மராமத்து என்ற சொல்லும் குடிமராமத்து என்ற வழக்கமும் நம் ஊர்களில் இருந்தவைதானே. முதலாம் பராந்தகன் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டு 921-ஆம் ஆண்டிலேயே ஏரி வாரியத்துக்கு 6 பேரைக் குடவோலையில் தேர்ந்தெடுக்கச் சொல்கிறது. எத்தனை பேர், எத்தனை நாள் பொறுப்பு, யார் தகுதியற்றவர் என எல்லாமும் கல்லில் இருக்கிறது. எங்கள் ஊர்ச் சோழகங்கத்தை இராசேந்திரன் நீர்மயமான வெற்றித்தூண் என்று திருவாலங்காட்டுச் செப்பேட்டில் குறித்தான். கரை உடைந்து ஏரிப் பரப்பு காடு மண்டிக் கிடந்ததை 19-ஆம் நூற்றாண்டுக் குறிப்புகள் சொல்கின்றன. வரலாற்று வகுப்பில் வெட்டியவர் பெயரைக் கேட்கிறோம். பார்த்துக்கொண்டவர் யார் என்று நான் ஒரு தேர்விலும் கேட்டதில்லை.

எங்கள் அட்டை

புதிய ஆர்.ஓ. வந்த அன்று நிறுவ வந்தவரை நாங்கள் உடனே போக விடவில்லை. கையேட்டைப் பிரித்து, ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் நால்வருடன் பக்கத்தில் நின்றேன். 20 லிட்டர் வாளி நிரம்ப 4 நிமிடம் 50 வினாடி. வடிகட்டிக்கு முன்னும் பின்னும் அழுத்தமானி காட்டிய அளவு, உள்ளே போகும் நீரிலும் வெளியே வரும் நீரிலும் டி.டி.எஸ். என எல்லாம் ஓர் அட்டையில் எழுதி இயந்திரத்தின் மேலேயே தொங்கவிட்டோம். திங்கள்தோறும் வாளி சோதனை. 5 நிமிடம் 30 வினாடியைத் தாண்டினால் என்னிடம் சொல்ல வேண்டும். மணல் வடிகட்டியைக் கழுவும் வேலை அலுவலக உதவியாளர் அண்ணனுடையது. பிள்ளைகள் அளக்கவும் எழுதவும் மட்டும்தான், சுவிட்சையும் மோட்டாரையும் தொடக் கூடாது.

முதல் சில மாதம் எண்கள் அசையவில்லை. பிள்ளைகளுக்கு அலுப்புத் தட்டியது, எனக்கும்தான். மார்கழியில் 5 நிமிடம் 25 வினாடி ஆனது. வடிகட்டியை மாற்றிவிடலாம் என்று நான் பணத்துக்கு ஏற்பாடு செய்யப் போனேன். ஒரு மாணவி தடுத்தாள். "அழுத்தம் அப்படியேதான் சார் இருக்கு. அடைச்சிருந்தா ரெண்டு முள்ளும் விலகியிருக்கணும்ல?" அவள் சொன்னது சரி. தண்ணீர் குளிர்ந்தால் சவ்வின் வழியே குறைவாகத்தான் போகும். மாசியில் வெயில் ஏற, நேரம் மீண்டும் 5 நிமிடத்துக்குள் வந்தது. அட்டையில் தண்ணீரின் வெப்பநிலைக்கு ஒரு கட்டம் சேர்த்தோம். ஆனி மாதம் உண்மையிலேயே முள் விலகியது. அன்றே சிறிய வடிகட்டியை மாற்றினோம். சில நூறு ரூபாய்தான் ஆனது. பள்ளி மானியத்தில் முடிந்தது.

தொடக்கப் பள்ளிகளுக்குத் திறன்மிகு வகுப்பறைகளும் நடுநிலை, உயர்நிலைப் பள்ளிகளுக்கு உயர் தொழில்நுட்ப ஆய்வகங்களும் வந்திருக்கின்றன. யு.பி.எஸ். இருக்கும் பள்ளிகளில், அது புதிதாக இருக்கும் வாரத்திலேயே மின்சாரத்தை நிறுத்தி எத்தனை நிமிடம் தாங்குகிறது என்று எழுதி வையுங்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை அதே கணினிகளை ஓடவிட்டு அதேபோல் பாருங்கள். உத்தரவாதக் காலம் முடியும் தேதியைச் சிவப்பு மையில் பெரிதாக எழுதுங்கள். அதற்கு ஒரு மாதம் முன்பு கடைசியாக எல்லாவற்றையும் சோதித்துவிட்டால் குறை இருப்பதை அவர்கள் செலவிலேயே சரிசெய்துகொள்ளலாம். பொறுப்பாசிரியர் மாறுதலில் போகும்போது சாவியோடு அட்டையும் கைமாற வேண்டும். நான் முன்பு இருந்த பள்ளியில் சாவியை மட்டும்தான் கொடுத்துவிட்டு வந்தேன்.

ஆண்டு முடிவில் அந்தத் தந்தை எங்கள் அட்டையை வாங்கிப் பார்த்தார். வாரம் ஒருமுறை டி.டி.எஸ். அளந்திருந்தோம், ஆண்டு முழுக்க எண் மாறவே இல்லை. "இத மாசம் ஒருவாட்டி ஆக்கிடுங்க சார், பிள்ளைங்களுக்கு நேரம் மிச்சம்" என்றார். எதையும் கண்டுபிடிக்காத சோதனையை ஆலையிலும் இப்படித்தான் குறைத்துவிடுவார்களாம். அடுத்த கல்வியாண்டு அட்டையில் அப்படியே மாற்றி எழுதியிருக்கிறோம்.